மூன்று கட்டம் கீழே

...ஆனால் மூன்று கட்டம் கீழே இறங்கினால் மட்டும் அழுதுகொண்டிருந்த முகம் எப்படிச் சிரித்துவிடுகிறது, விரல்கள் அதே விரல்கள், அவை நிற்கிற கோணல் வரிசையும் அதே வரிசை, கிட்டாரின் கழுத்தில் ஐந்தாவது கட்டத்தில் வைத்து வாசித்தால் மைனர், வரிசை கலையாமல் அப்படியே மூன்று கட்டம் தள்ளி இரண்டாவதில் வைத்தால் மேஜர், இருப்பதே ஐந்து சுரம், அதற்குள் இவ்வளவு கூத்து... என்று நினைத்தபடி அவள் இடது கையை நகர்த்தினாள், விரல் தந்தியை உரசிய சத்தம் பூனை பாயைப் பிறாண்டுவதுபோலக் கேட்டது. வேறெங்கும் அது கேட்டிருக்காது, இந்த அறைக்குள் எச்சில் விழுங்கினால்கூடக் கேட்கும். குளிர்பதனப் பெட்டிக் கதவுபோல ஒரு கனத்த கதவு, சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகத் தகடு, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல். காது கேட்கிறதா என்று பார்க்க வருகிறவர்களை உட்கார வைக்கும் நாற்காலியில், ஆள் வராத இடைவேளையில், காதைச் சோதிக்கிறவளே கிட்டாரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். மாடியில் இருக்கும் காது டாக்டர் ஒருமுறை இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டார், கதவைச் சாத்திவிட்டுப் போனார், நல்ல மனுஷர், அல்லது ப்ளூஸ் பாட்டு பிடிக்காதவர்.

எல்லா வம்பும் அந்த மூன்றாவது சுரத்தில்தான் இருக்கிறது. மேஜரின் மூன்றாவதுக்கும் மைனரின் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டம், அரைப்படி, அந்த அரைப்படியில் ஒரு பாட்டு சந்தோஷமா துக்கமா என்பது தீர்மானமாகிவிடுகிறது, அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்... ஆனால் ப்ளூஸ் யார் சொல்வதையும் கேட்பதில்லை, அடியில் அக்கா வீட்டுக்காரரான அத்தானின் பேஸ் கிட்டார் மேஜராகப் போய்க்கொண்டிருக்கும்போதே மேலே நீ மைனர் வாசிக்கலாம், வாசித்தால் நன்றாகவே இருக்கும், ஏன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. அவள் கேட்பாள். கேட்டுக் கேட்டுத்தான் ஒரு விதி கண்டுபிடித்து வைத்திருந்தாள், முதல் கார்ட், அதாவது அடியில் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம், ஓடும்போது மேஜர் பக்கம் இரு, பாட்டு நாலாவது கார்டுக்குத் தாவினதும் மைனருக்குப் போய்விடு, ஏனென்றால் அந்த நாலாவது கார்டின் வயிற்றிலேயே மைனரின் மூன்றாவது சுரம் உட்கார்ந்திருக்கிறது, அங்கே போய் மேஜரின் மூன்றாவதை வைத்தால் கல்லைக் கடித்த மாதிரி இருக்கும். தெரியும். நன்றாகவே தெரியும். செவ்வாய்க்கிழமை ஒத்திகையிலும் தெரிந்துதான் வாசித்தாள், அதுதான் எரிச்சல், சரியாக அந்த இடத்தில்தான் அக்கா பாட்டை நிறுத்தினாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். "பிரேக்! பிரேக்கை மிதிங்க!" என்று இருபது வருஷம் கத்தித் தேய்த்த குரல், அந்தக் குரலால்தான் அவர்கள் நாலு பேரும் ஒரு குழு, இல்லாவிட்டால் ஒரு மருந்துக்கடைக்காரர் டிரம்ஸைத் தட்டுவதையும் ஒரு அத்தான் வாயே திறக்காமல் பேஸ் வாசிப்பதையும் யார் காது கொடுத்துக் கேட்பார்கள். ஓட்டுநர் பள்ளியின் பின்னறையில், ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கும் வலதுபுறம் திரும்பாதீர் பலகைக்கும் நடுவில் ஒத்திகை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கென்று தனியாக வாசிக்க ஒரு சோலோ, ஒரே ஒரு சுற்று, நாலு தட்டுக்கு ஓர் அடியாகப் பன்னிரண்டு அடி, சனிக்கிழமை மதியம் பூங்காவில், அதாவது நாளைக்கு. ஐந்தாவது அடியில் நாலாவது கார்ட் வந்தது, அவள் மைனரின் மூன்றாவதை அழுத்தித் சுரம் சற்று ஏறும்படி தந்தியைக் கொஞ்சம் மேலே தள்ளினாள், எல்லோரும் தள்ளுவதுதான், அக்கா கையைத் தூக்கிவிட்டாள். "நிறுத்து நிறுத்து. அந்த இடத்துல ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்குடி. ஒருத்தர் சரி, ஒருத்தர் தப்பு." இன்னொரு தடவை வாசித்தாள். இன்னொரு தடவை. "ம்ஹூம். மேஜரும் வேணும் மைனரும் வேணும்னா எப்படி? ஏதாவது ஒண்ணுல நில்லு." மூன்றாவது தடவை தப்பானதும் அக்கா தண்ணீர் குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள், சனிக்கிழமை இந்த சோலோ வேண்டாம், அந்த இடத்தில் நான் இன்னொரு தரம் பாடிக்கொள்கிறேன் என்று. மருந்துக்கடைக்காரர் டிரம்ஸ் குச்சியைப் பார்த்தார், அத்தான் தரையைப் பார்த்தார். அவளுக்கு முகம் கொதித்தது, பதினோரு வருஷம், "என் கை சரியாத்தான் இருக்கு, உன் காதைக் காட்டு" என்றாள். சொல்லியிருக்கக் கூடாது. அக்கா சிரித்தாள். "காட்டறேன்டி. காது கல்லு மாதிரி இருக்குன்னு எழுதிக் குடு, ஃப்ரேம் போட்டுப் பள்ளிக்கூடத்துல மாட்டறேன்."

அன்றைய ஒத்திகை போனில் பதிவாகியிருந்தது, மூன்று நாளாக அந்த ஐந்தாவது அடியை நூறு தடவை கேட்டிருப்பாள், பல் தேய்க்கும்போது, பேருந்தில், இப்போது இந்த அறைக்குள். ஒரு தடவை கேட்டால் சரி என்று தோன்றுகிறது, இன்னொரு தடவை கேட்டால் தந்தியைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டாளோ, மைனரிலிருந்து கிளம்பிய சுரம் ஏறக்குறைய மேஜர் வரைக்கும் போய்விட்டதோ என்று சந்தேகம் வருகிறது... இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்தச் சுரத்துக்குப் பெயரே கிடையாது, கட்டமும் கிடையாது, விரலின் அழுத்தத்தைப் பொறுத்தது, அன்றைக்கு அவள் மனநிலை எப்படியோ அப்படி. பெயரில்லாத ஒன்றைச் சரி தப்பு என்று யார் சொல்வது? அக்கா சொல்வாளா? சொன்னாளே. கண்ணாடிக்கு வெளியே வரவேற்பில் இருக்கிற பெண் கையை ஆட்டிக் கடிகாரத்தைக் காட்டினாள், மணி நாலு அடிக்கப் போகிறது, அடுத்த ஆள், அக்காதான், வந்தாயிற்று. அவள் கிட்டாரை உறையில் போட்டு மேஜைக்குப் பின்னால் சாய்த்தாள். அக்காவின் காது சரியாக இருந்தால் தன் விரல் தப்பு, காது தப்பாக இருந்தால்... அந்த இரண்டாவதை நினைக்கும்போது மனசின் ஒரு ஓரத்தில் லேசாகக் குதித்ததே ஒன்று, அது என்ன, சீ.

அக்கா போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள், பேசிக்கொண்டே போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள், "கிளட்ச்சை விடறதுக்கு முன்னாடி கண்ணை மூடாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது," வைத்துவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதுக்குள்ளயா உட்காரணும்? மூச்சு முட்டிச் செத்தா உன் பேர எழுதி வச்சுட்டுத்தான் சாவேன்." அவள் அக்காவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள், வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம், கையில் பொத்தானைக் கொடுத்து, தினமும் இருபது பேருக்குச் சொல்வதைச் சொன்னாள், சத்தம் ரொம்ப ரொம்பச் சின்னதா இருந்தாலும் அமுக்கணும், சந்தேகமா இருந்தாலும் அமுக்கணும். அக்காவின் காதோரத்தில் நரை இருந்தது, எப்போது வந்தது இது, தலையில் கை வைத்து ஹெட்போனைச் சரிசெய்யும்போதுதான் கண்ணில் படுகிறது. கதவைச் சாத்தினாள். இப்போது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அக்கா, இந்தப்பக்கம் அவளும் அவளுடைய பெட்டியும், சத்தம் அனுப்ப ஒரு விசை, அக்கா பொத்தானை அமுக்கினால் எரிய ஒரு சின்ன விளக்கு.

வலது காது முதலில். அனுப்பினாள், விளக்கு எரிந்தது, குறைத்தாள், எரிந்தது, இன்னும் குறைத்தாள், எரிந்தது. தாளில் சிவப்பு வட்டங்கள் மேலேயே ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையாகப் போயின, மேலே இருக்க இருக்க நல்ல காது, இது பச்சைக் குழந்தையின் காது, நாற்பத்தெட்டு வயதில் எஞ்சின் பக்கத்திலேயே குடித்தனம் நடத்துகிறவளுக்கு இப்படி ஒரு காதா? கொடுத்து வைத்தவள். அப்படியானால் விரல்தான். விரல்தான் தப்பு, சோலோ போனது போனதுதான்... இடது காதுக்கு மாறினாள், அங்கேயும் அதே கதை, நீலப் பெருக்கல் குறிகள் மேலே மேலே. சத்தம், விளக்கு, சத்தம், விளக்கு, எவ்வளவு சுத்தமாக வருகிறது, விளக்கு ஒரு நொடிகூடப் பிந்தவில்லை, மற்றவர்களென்றால் தயங்கித் தயங்கி அமுக்குவார்கள், அக்கா ஏதோ டிரம்ஸ் வாசிப்பதுபோல அமுக்குகிறாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மிகவும் ரசித்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வரவேற்புப் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டி, காலையில் வந்த பெரியவரின் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டாள். அவள் விசையிலிருந்து விரலை எடுத்து அலமாரியைக் காட்டிவிட்டுத் திரும்பினாள். விளக்கு எரிந்து அணைந்தது. அவள் எதையும் அனுப்பவில்லை. அணைந்த விளக்கையே பார்த்தாள், சரியாக ஒரு இடைவெளி விட்டு மறுபடி எரிந்தது. அனுப்பாத சத்தத்துக்கு! சிலர் ஆர்வக்கோளாறில் அமுக்குவார்கள், ஆனால் இது அது இல்லை, இது... அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். செருப்பு தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வலது காது தொடங்கியதிலிருந்து தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மனசுக்குள் அந்த ஐந்தாவது அடி ஓட ஓட விசையை அந்தத் தாளத்திலேயே அமுக்கியிருக்கிறாள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவள் யார், பதினோரு வருஷமாக அதே தாளத்தில் நிற்கிறவள், இரண்டு சத்தம் போதாதா அவளுக்கு, மூன்றாவது எங்கே விழும் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். சத்தம் கேட்டதோ கேட்கவில்லையோ, தாளம் கேட்டுவிட்டது. சத்தங்களை ஒரே இடைவெளியில் அனுப்பாதே, படிப்பின் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது, அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது, கையும் களவுமாகத் தன் காலிடமே மாட்டிக்கொண்டாள். சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது. அப்படியென்றால் இந்தத் தாளில் இருப்பது யாருடைய காது?

தாளைக் கிழித்துப் போட்டாள். பேச்சுப் பொத்தானை அமுக்கி, "அக்கா, மெஷின் தகராறு பண்ணுது, இன்னொரு தடவை," என்றாள். "எத்தனை தடவை வேணா பாரு, காது காதுதான்." இந்த முறை காலைப் பின்னலிட்டு நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள், ஒரு சத்தம், நீண்ட இடைவெளி, உடனே இரண்டு, பிறகு ஒன்றுமே இல்லை, மூச்சை எண்ணினாள், தாளம் வந்துவிடாமல் வாசிப்பது இவ்வளவு கஷ்டமா. வலது காது நன்றாகவே இருந்தது, குழந்தைக் காது இல்லை, நாற்பத்தெட்டு வயதுக்கு நல்ல காது. இடது காது. உயர்ந்த சத்தங்களுக்கு விளக்கு எரிந்தது. கீழே இறங்கினாள், ஆண்குரல் போன்ற தாழ்ந்த சத்தங்களுக்கு. அனுப்பினாள். விளக்கு எரியவில்லை. கூட்டினாள், எரியவில்லை, அக்கா கண்ணை மூடிப் புருவத்தைச் சுருக்கி என்னவோ தேடிக்கொண்டிருந்தாள், பொத்தானின் மேல் கட்டைவிரல் தயாராக நின்றது, தாளம் இல்லாமல் அதற்குப் போக இடமில்லை. இன்னும் கூட்டினாள், இன்னும். எரிந்தது. நீலப் பெருக்கல் குறியை வைக்க வேண்டிய இடம் தாளின் பாதி வரைக்கும் கீழே இருந்தது. மூன்று நாளாக மனசின் ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்தது எங்கே போயிற்று, வா, இப்போது வந்து குதி பார்க்கலாம்.

"இடது காது எப்படிக்கா இருக்கு? அடைச்ச மாதிரி ஏதாவது?" கேட்டபோது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "ஒரு வாரமா தண்ணி போன மாதிரி இருக்கு. தலைக்குக் குளிச்சேன்ல. அதுக்கென்ன?" ஒரு வாரம். போன் காது மாறிய ஒரு வாரம், பார்த்தாளே, இன்றைக்குக்கூடப் பார்த்தாளே. அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது, ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்குடி... இதை வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருந்தால்? எதைக் கேட்டாலும் இரட்டையாகக் கேட்குதும்மா என்று ஒரு தபால்காரரோ ஒரு தையல்காரியோ சொல்லியிருந்தால் பேனாவை எடுத்திருப்பாள், எத்தனை நாளாக என்று கேட்டிருப்பாள். அக்கா சொன்னதால் அது விமர்சனம். கிட்டாரைக் கையில் வைத்திருந்ததால் அது தன் சோலோவைப் பற்றிய பேச்சு. காதுக்காரி என்று பேர், காதில் விழுந்ததை எடுத்துப் பாட்டில் போட்டுவிட்டாள்.

ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும். இரண்டு காதுக்கும் நன்றாகக் கேட்கிற அளவுக்குக் கூட்டி, நடுத்தரமான ஒரே சத்தத்தை முதலில் வலதுக்கு அனுப்பினாள், விட்டு, பிறகு இடதுக்கு. "கேட்டதைப் பாடிக் காட்டுக்கா." பேச்சு ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது, முதல் சுரம் நேராக, அச்சாக. அடுத்தது... அடுத்ததும் அழகாகத்தான் இருந்தது, உறுதியாக, சந்தேகமே இல்லாமல், சரியாக அரைப்படி கீழே. அக்கா கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தாள், பழைய மாணவனின் குறும்பைக் கண்டுபிடித்த சிரிப்பு. "மேஜர்லருந்து மைனருக்கு இறக்கற. என்னையே சோதிக்கிறியா நீ? எனக்குத் தெரியாதா?"

அவள் அளவு காட்டுகிற முள்ளைப் பார்த்தாள், அது அசையவில்லை, அவள் எதையும் மாற்றவில்லை. ஒரே சத்தம். இந்தக் கிட்டார்க்காரி பதினோரு வருஷமாகக் கட்டம் கட்டமாக ஏறி இறங்கித் தேடிக்கொண்டிருந்த அந்த அரைப்படி அக்காவின் இரண்டு காதுகளுக்கு நடுவில் கிடந்தது. மாடி டாக்டர் ஐந்து மணி வரைக்கும் இருப்பார், இப்போது நாலு நாற்பது. இப்படித் திடீரென்று போகிற காதுகள் சில திரும்பியும் வருகின்றன, சீக்கிரம் மருந்து போனால், சில வருவதில்லை, எது எப்படி என்று அவளுக்குத் தெரியாது, டாக்டருக்கும் இன்றைக்கே தெரிந்துவிடாது. பேச்சுப் பொத்தானை அமுக்கினாள். "ஒரே சத்தம்தான்க்கா குடுத்தேன்," என்றாள்.

அக்காவின் சிரிப்பு உடனே போகவில்லை, யாரோ எழுப்பிவிட மறந்ததுபோல முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஹெட்போனின் நீலப் பக்கத்தை மெதுவாகத் தொட்டாள். பயந்தாளா? பயந்திருப்பாள், ஆனால் வாயில் வந்தது வேறு. "அப்போ செவ்வாய்க்கிழமை நீ தப்பா வாசிக்கலையாடி?"

இந்த ஒரு கேள்விக்காக மூன்று நாள் காத்திருந்தாள், பதில்கூடத் தயாராக இருந்தது, நடுவீட்டில் நின்று சொல்லிப் பார்த்த பதில். ஆனால் அந்த ஐந்தாவது அடியில் தன் விரல் தந்தியை எவ்வளவு தூரம் தள்ளியது, நூறு தடவை கேட்டும் நூறு விதமாக இருந்ததே, அக்காவின் வலது காதில் அது எப்படி விழுந்தது, ஒருத்தர் சரி ஒருத்தர் தப்பு என்றாளே, அதில் யார் சரி? "தெரியலக்கா," என்றாள், உண்மையாகவே தெரியவில்லை. கனத்த கதவைத் திறந்தபோது அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதை உள்ளங்கையால் பொத்தி அந்த ஐந்தாவது அடியை முணுமுணுத்துப் பார்த்தாள், பிறகு மற்றதைப் பொத்தி மறுபடியும், புதிதாகக் கிடைத்த ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவளைப்போல. அவள் மாடிக்குக் கூட்டிப்போகக் கையை நீட்டினாள். அக்கா நிமிராமல், "இரு, இன்னொரு தடவை," என்றாள். அவளும் நின்று கேட்டாள்.